இட்லிப் பானைக்குள் கிடந்த காசு

இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றியதும் என் பாட்டி அதற்குள் ஒரு 25 காசு நாணயத்தைப் போட்டுவிடுவார். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் அந்தக் காசு பானையின் அடியில் கடகடவென்று ஆடும். தண்ணீர் வற்றினால் ஆட்டம் நின்றுவிடும். கொல்லைப்புறத்தில் வேறு வேலையாக இருப்பவர், சத்தம் ஓய்ந்துவிட்டதே என்று எழுந்து வந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவார். இடியாப்பம், கொழுக்கட்டை என்று ஆவியில் வேகும் எல்லாவற்றுக்கும் இதே காவல்தான். பாட்டிக்குப் பின் அம்மாவும் அதே காசையே பயன்படுத்தினார். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு 25 காசு நாட்டில் செல்லாக்காசாகிவிட்டது. தஞ்சாவூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் மட்டும் அது மேலும் பல ஆண்டுகள் செல்லுபடியாயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்துக் காலை ஒன்றில், அம்மா இரண்டாவது ஈடு இட்லியை அடுப்பில் ஏற்றிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கூழ்வடகம் பிழிந்துவிட வேண்டும் என்று மொட்டை மாடிக்குப் போனார். அங்கே கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எதிர்வீட்டு அக்கா நின்றிருந்தார், பேச்சு நீண்டது. நானும் வீட்டில்தான் இருந்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த நான் முன்னறையில் காதுகளை அடைக்கும் ஹெட்போனோடு அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். கருகல் வாடை வந்தபோது தெருவில் யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்ததும் நான்தான். நாற்பது நிமிடங்கள் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது, அடுப்படி முழுக்கப் புகை படர்ந்திருந்தது. மூடியைத் திறந்தால், இட்லித் துணி பழுப்பேறி, தட்டின் துளைகள் இருந்த இடமெல்லாம் வட்டவட்டமாகக் கருகியிருந்தது. அலுமினியப் பானையின் அடிப்பாகம் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. காசு அடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கரண்டிக் காம்பால் நெம்பியும் வரவில்லை. பர்னரிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சுவரில் அடித்த ஆணியில், எண்ணெய்ப் பிசுக்கேறிய பிடித்துணி தொங்கிக்கொண்டிருந்தது. அன்று வீடு தீப்பிடிக்காமல் தப்பியதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அம்மாவுக்கு அப்போது வயது 74. பானையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “காசு ஆடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்த மாதிரிதாண்டா இருந்துச்சு.” அந்த வாக்கியம் பல நாட்கள் என்னை விடவில்லை. பாட்டியின் காசு ஓர் அருமையான கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது அபாயத்தைச் சத்தத்தால் அல்லாமல் சத்தமின்மையால் சொல்லும் கருவி. காது மங்கத் தொடங்கியவருக்கும், காது கேட்கும் தொலைவைத் தாண்டிப் போனவருக்கும், சத்தம் நின்றதும் ஒன்றுதான், நிற்காததும் ஒன்றுதான்.

பாட்டி முதலில் சமைத்தது விறகடுப்பில். விறகடுப்பை மறந்துவிட்டால் அது பெரும்பாலும் தானே தணிந்துவிடும். விறகைத் தள்ளிவிட ஆள் இல்லாவிட்டால் தீ நாக்கைச் சுருக்கிக்கொண்டு கங்காகிவிடும். அதற்கும் அபாயங்கள் உண்டு, பொறி பறக்கும், புடவைத் தலைப்பில் பற்றும். ஆனால் மறதியை அது ஓரளவு மன்னித்தது. எரிவாயு அடுப்புக்கு அந்த இரக்கம் கிடையாது. ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 12.7 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் இருக்கிறது. அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் சுமார் 180 யூனிட். ஒன்றரைக் கிலோவாட் எரியும் சிறிய பர்னரை மறந்துவிட்டு ஊருக்குப் போனால், புதுச் சிலிண்டர் ஏறத்தாழ ஐந்து நாள் இரவும் பகலுமாக ஒரே சீராக எரியும். அடுப்பு தானாக அணையாது என்ற இந்த ஒன்றைத்தான் நாம் விறகை விட்டு வந்தபோது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் பாத்திரத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். குக்கரானால் அழுத்தத்தின் காரணமாகச் சுமார் 120 டிகிரி. கொடுக்கிற வெப்பத்தையெல்லாம் தண்ணீர் ஆவியாவதற்கே வாங்கிக்கொள்கிறது. கடைசிச் சொட்டு வற்றிய கணத்தில் அந்தத் தடை விலகி, சூடு மளமளவென்று ஏறுகிறது. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். எரிவாயுத் தழலின் சூடு அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எங்கள் பானை அந்த வழியில் பாதித் தூரம் போயிருந்தது என்று நினைக்கிறேன்.

எண்ணெயின் கதை வேறு. அதற்கு நின்று இளைப்பாறும் இடமே இல்லை. வடையோ அப்பளமோ பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரிக்குள் இருக்கும். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் 230 டிகிரியை ஒட்டிப் புகையத் தொடங்கும். 350 டிகிரியைத் தாண்டிய பிறகு, வெளியிலிருந்து ஒரு பொறி கூடத் தேவையில்லாமல் தானே தீப்பிடிக்கும். வாணலியில் எண்ணெயை ஊற்றி வைத்துவிட்டு வாசலில் கூரியர்க்காரருக்குக் கையெழுத்துப் போட்டு வரும் நேரம் அதற்குப் போதுமானதாகிவிடலாம். அப்படிப் பற்றிய எண்ணெயில் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவதுதான் உயிரைக் கொல்லும் தவறு. எண்ணெயை விடக் கனமான தண்ணீர் அடிக்குப் போய், அங்கே ஒரே நொடியில் தன் கன அளவைப் போல ஏறத்தாழ 1,700 மடங்கு ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி வீசும். அடுப்பைத் திருகி அணைத்துவிட்டு, பொருந்தும் தட்டு ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி வாணலியை மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுவதே செய்ய வேண்டியது. மூடும் தட்டை எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டு பொரிக்கும் பழக்கத்தை அன்றுமுதல் எங்கள் வீட்டில் கட்டாயமாக்கினேன்.

அந்தப் பங்குனிக்குப் பிறகு நான் முதலில் செய்தது, மற்ற நாடுகளில் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்று தேடியதுதான். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ஆண்டுதோறும் சொல்லி வருவது, வீட்டுத் தீ விபத்துகளுக்கு முதற்காரணம் சமையல் என்றும், சமையல் தீக்கு முதற்காரணம் அடுப்பைக் கவனிக்காமல் விட்டுப் போவது என்றும். நார்வேயில் 2010 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளின் சமையலறையில் அடுப்புக் காவல் கருவி கட்டாயம். அடுப்புக்கு மேலே பொருத்திய சென்சார் சூடு அளவுக்கு மீறினால் முதலில் ஒலி எழுப்பும், யாரும் வராவிட்டால் மின்னடுப்புக்கான மின்சாரத்தையே துண்டிக்கும். தென்கொரியாவில் முதியோர் தனியாக வாழும் வீடுகளின் எரிவாயுக் குழாயில் டைமர் பொருத்திய வால்வை அரசு அமைப்புகளே இலவசமாக மாட்டித் தருகின்றன. குறித்த நேரம் முடிந்ததும் வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானின் ஏற்பாடு, ஏனென்றால் அவர்கள் எடுத்துக்கொண்டதும் நம்மைப் போல எரிவாயு அடுப்பைத்தான். 2008 அக்டோபர் முதல் அங்கே தயாராகும், ஒற்றை பர்னர் அடுப்பு தவிர்த்த வீட்டு எரிவாயு அடுப்புகளின் ஒவ்வொரு பர்னரிலும், எண்ணெய் மிகையாகச் சூடேறுவதைத் தடுக்கும் சென்சாரும், தழல் அணைந்தால் வாயுவை நிறுத்தும் அமைப்பும் சட்டப்படி இருந்தாக வேண்டும். பர்னரின் நடுவே சுருள்வில்லின் மேல் நிற்கும் ஒரு சிறிய குமிழ், வைத்த பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் சூடு 250 டிகிரியை நெருங்கும்போது தழல் தானே தணிகிறது அல்லது அணைகிறது. நெடுநேரம் எரிந்துகொண்டே இருந்தால் மறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்து அணைத்துவிடும் அமைப்பும் உண்டு. புகை வந்த பிறகு கத்துவது அல்ல, புகை வருவதற்கு முன்பே நிறுத்துவது என்ற எண்ணம் அந்த அடுப்பின் உடலிலேயே இருக்கிறது. நம் வீட்டுப் பித்தளை பர்னரின் நடுவில் அப்படியொரு குமிழுக்கு இடமே கிடையாது. நம் உருண்டை அடி வாணலி அதன்மேல் சரியாகப் படியவும் படியாது. ஆகவே அதை அப்படியே இறக்குமதி செய்துவிடலாம் என்ற என் முதல் உற்சாகம் இரண்டு நாளில் அடங்கியது.

நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவிகள். அவை வேறு நோய்க்கான மருந்து. அவற்றின் உள்ளே இருக்கும் டின் ஆக்சைடு சென்சார், காற்றில் கலந்த எரியாத வாயுவைப் பிடிக்கும். ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும் அடுப்பின் மேல் பாத்திரம் காய்ந்து கிடப்பது அதற்குத் தெரியாது. பால் பொங்கி வழிந்து தழல் அணைந்து, வாயு மட்டும் சீறிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு அது உதவும், அதுவும் சரியான இடத்தில் மாட்டியிருந்தால். சிலிண்டர் வாயுவில் இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும் காற்றை விடக் கனமானவை. கசிந்தால் தரையோடு படியும். ஆகவே கருவி தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அதைப் பரணுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு மீத்தேன் என்பதால் மேலே போகும்; அந்த இணைப்பு உள்ள வீட்டுக்கு வேண்டுமானால் அந்த இடம் பொருந்தும். வாயு வாடை வந்தால் எந்த மின்சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும் என்பதை அந்த வீட்டாரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

புகை எச்சரிக்கைக் கருவியையும் வாங்கிப் பார்த்தேன். கடுகும் வற்றல் மிளகாயும் பெருங்காயமும் சேர்ந்த முதல் தாளிப்பிலேயே அது அலறியது. மூன்றாம் நாள் அம்மா அதன் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமையலறைக்குப் புகையை அல்லாமல் சூட்டை அறியும் கருவியைப் பரிந்துரைப்பதன் காரணம் இதுதான். கூரையருகே காற்றின் சூடு 57 டிகிரி போன்ற ஓர் அளவைத் தாண்டினால்தான் அது ஒலிக்கும். ஆனால் கூரை அந்த அளவு சூடாகிறதென்றால் கீழே தீ ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இண்டக்ஷன் அடுப்புக்கு மாற்றிவிடலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். சில ஆயிரம் ரூபாய் இண்டக்ஷன் அடுப்பிலேயே கண்ணாடிக்கு அடியில் வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டர் இருக்கிறது, பாத்திரத்தை எடுத்தால் அணைகிறது, டைமரும் இருக்கிறது. பாதுகாப்பை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரியே. அம்மாவோ அதன் பொத்தான்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரது அலுமினியப் பானையும் பித்தளை உருளியும் அதில் சூடேறாது. மின்சாரம் போனால் காப்பியும் போய்விடும். ஐம்பது ஆண்டுகளாகத் தழலின் உயரத்தைக் கண்ணால் பார்த்துச் சமைத்தவரை, எண்களைப் பார்த்துச் சமைக்கச் சொல்வது எளிதல்ல.

ஆகவே நானே ஒன்றைச் செய்யத் துணிந்தேன். எனக்குக் கணினி நிரல் எழுதும் வேலை. மின்னணுவியல் கைப்பழக்கம் மட்டுமே. இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை, தொடாமலே சூட்டை அளக்கும் எம்எல்எக்ஸ்90614 என்ற அகச்சிவப்பு சென்சார், ஆள் நடமாட்டத்தை அறியும் பிஐஆர் சென்சார் ஆகியவற்றை வாங்கி, சமையல் மேடைக்கு மேல் சுவரில் ஒரு டப்பாவுக்குள் பொருத்தினேன். அடுப்பு எரிகிறது, ஆள் இல்லை, பாத்திரம் அளவுக்கு மீறிச் சுடுகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் ஒலி எழுப்ப வேண்டும். காகிதத்தில் இது ஒரு மாலை நேரத்து வேலை. நடைமுறையில் நான்கு மாதம் ஆயிற்று.

முதல் சிக்கல் சென்சாரின் பார்வை அகலம். நான் வாங்கிய வகை 90 டிகிரி கோணத்துக்கு விரிந்து பார்க்கும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது 120 சென்டிமீட்டர் அகல வட்டம். அதாவது அது அளந்தது பாத்திரத்தை மட்டும் அல்ல, பாத்திரம், மேடை, உப்பு ஜாடி, அம்மாவின் கை எல்லாவற்றின் சராசரியை. 5 டிகிரி கோணம் மட்டுமே பார்க்கும் வகையைத் தருவித்து, பர்னருக்கு ஒன்றாக இரண்டைப் பொருத்தியதும், பார்வை ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கியது.

இரண்டாவது சிக்கல் எவர்சில்வர். கொதிக்கும் தண்ணீர் உள்ள பளபளப்பான எவர்சில்வர் பாத்திரத்தை சென்சார் 50 டிகிரிக்கும் குறைவாகக் காட்டியது. பக்கத்தில் இருந்த கரிய இரும்புத் தோசைக்கல்லைத் துல்லியமாகக் காட்டியது. மெருகேறிய உலோகம் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளிவிடுவதில் கஞ்சன். கண்ணாடி போல எதிரே இருப்பதன் கதிரைத்தான் திருப்பி அனுப்பும். கரி படிந்த பரப்போ ஏறக்குறைய முழுமையாக வெளிவிடும். விறகடுப்புக் காலத்துப் பாத்திரங்கள் இருந்திருந்தால் என் சென்சாருக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. வாழ்நாளெல்லாம் சாம்பலும் புளியும் போட்டுக் கரியைத் தேய்த்தெடுத்த பரம்பரையில் வந்தவரிடம் போய், பைக் சைலன்சருக்கு அடிக்கும் கறுப்பு வண்ணத்தைப் புதுப் பாத்திரத்தில் ஒரு வட்டம் பூசட்டுமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அவர் பாத்திரத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

கடைசியில் வழி காட்டியது பாட்டியின் காசுதான். அந்தக் காசு சூட்டை அளக்கவில்லை. ஒரு நிலை முடிந்து இன்னொரு நிலை தொடங்குவதை மட்டும் சொன்னது. எவர்சில்வரில் சென்சார் காட்டும் எண் தவறாக இருந்தாலும், அந்தத் தவறான எண்கூடத் தண்ணீர் கொதிக்கும்வரை ஏறி, கொதிக்கும்போது சமதளமாக நின்று, வற்றியதும் மறுபடி ஏறுகிறது. கோட்டின் உயரம் பொய் சொன்னாலும் வளைவு பொய் சொல்லவில்லை. எத்தனை டிகிரி என்ற கேள்வியை விட்டுவிட்டு, சமதளத்துக்குப் பின் மேடு தொடங்குகிறதா என்று மட்டும் பார்க்குமாறு நிரலைத் திருத்தி எழுதினேன். சமதளமே வராமல் தொடர்ந்து ஏறினால் அது எண்ணெய் அல்லது வெறும் பாத்திரம் என்று கொண்டு, அங்கே பொறுமையைக் குறைத்துவிட்டேன். அடுப்பு எரிகிறதா என்பதை அறிய, பர்னரின் தாங்கிக் காலோரம், சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் கம்பி ஒன்றைக் கட்டினேன்.

மூன்றாவது சிக்கல் அம்மா உட்காரும் விதம். பிஐஆர் சென்சார் அசைவைத்தான் காணும். அம்மா அடுப்படி வாசற்படியருகே முக்காலியில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தால், விரல்கள் மட்டுமே அசையும். கருவி அவரை இல்லாதவராக்கி ஒலி எழுப்பும். “நான் இங்கதானே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், அது யாரைத் தேடுது?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. மூச்சு விடும் அசைவைக்கூட அறியும் 24 கிகாஹெர்ட்ஸ் ராடார் சென்சாருக்கு மாறினேன். அது எக்ஸாஸ்ட் விசிறியையும் ஓர் ஆளாக எண்ணியது. விசிறி ஓடும்வரை அடுப்படியில் எப்போதும் யாரோ இருக்கிறார்கள் என்றே அது நம்பியது. இரண்டு தவறுகளில் இதுவே ஆபத்தானது. சென்சாரைத் திருப்பி, பார்க்கும் தூரத்தைக் குறைத்து, விசிறியை அதன் எல்லைக்கு வெளியே தள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது.

கேமரா வைத்திருந்தால் இவ்வளவு பாடும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அடுப்படியில்தான் அம்மா தலையை அவிழ்த்து முடிவார், தனியாகப் பேசிக்கொள்வார், சில நாள் அழவும் செய்வார். அங்கே கண் ஒன்றை வைக்க எனக்கு உரிமை இல்லை. அவரைப் பற்றி, அடுப்பின் அருகே இருக்கிறாரா இல்லையா என்ற ஒரே செய்திக்கு மேல் எனக்கு எதுவும் வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

ஒலியைத் தேர்ந்தெடுப்பதிலும் பாடம் கற்றேன். முதலில் வைத்த சிறிய பஸ்ஸர் கீச்சென்று 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிக் கத்தும். எனக்குக் காது கூசியது, அடுத்த அறையில் இருந்த அம்மாவுக்குக் கேட்கவே இல்லை. வயதாகும்போது முதலில் மங்குவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன். காது மந்தமானவர்களையும் தூங்குபவர்களையும் எழுப்ப 520 ஹெர்ட்ஸ் சதுர அலை ஒலி மிகவும் மேலானது என்று ஆய்வுகள் காட்டியதால், அமெரிக்கத் தீ எச்சரிக்கை விதிகளே படுக்கையறைகளுக்கு அந்தச் சுருதியைக் கேட்கின்றன. நானும் அந்தச் சுருதியில் இரண்டு முறை ஒலித்துவிட்டு, பிறகு என் மகளின் குரலில் “பாட்டி, அடுப்பு” என்று வருமாறு செய்தேன். கூடத்தில் ஒன்று, மாடிப்படியின் தலைப்பில் ஒன்று என்று இரண்டு ஒலிபெருக்கிகள். பஸ்ஸரைத் திட்டியவர் அந்தக் குரலுக்கு “இதோ வர்றேன்டி” என்று பதில் சொல்லிக்கொண்டே இறங்கி வருகிறார்.

எத்தனை நிமிடத்தில் அழைப்பது என்பதை நானாக முடிவு செய்யவில்லை. மூன்று வாரம் கருவியைப் பேசவிடாமல் வெறுமனே குறிப்பெடுக்க வைத்தேன். பால் காயும்போது அவர் அடுப்பை விட்டு நகர்வதே இல்லை. சாதம் கொதிக்கும்போது பூசைக்குப் பூப் பறிக்க 11 நிமிடம் போகிறார். குக்கரை வைத்தால் விசிலை நம்பி வாசல்வரை போகிறார். தண்ணீர் சமதளத்தில் நிற்கும்வரை 15 நிமிடம் சும்மா இருக்கவும், எண்ணெய் போல ஏறினால் ஒன்றரை நிமிடத்தில் அழைக்கவும், சமதளத்துக்குப் பின் ஏறினால் உடனே அழைக்கவும் அந்தக் குறிப்பிலிருந்து எல்லை வகுத்தேன். தேவையில்லாமல் அழைக்கும் கருவி எதுவும் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்காது.

மிச்சமிருந்தது அடுப்பைத் தானே அணைக்கும் ஏற்பாடு. எரிவாயுக் குழாயை நடுவில் வெட்டி மின்காந்த வால்வு பொருத்தலாம் என்று இணையத்தில் பலர் செய்து காட்டுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய, கம்பி வலையிட்ட அந்தக் குழாய் ரெகுலேட்டருக்கும் அடுப்புக்கும் இடையே ஒரே துண்டாக இருப்பதே அதன் பாதுகாப்பு. வெட்டி இணைக்கும் ஒவ்வோர் இடமும் புதிய கசிவுக்கு ஒரு வாசல். தீயைத் தடுக்கப் போய்க் கசிவை உண்டாக்குவதில் பொருளில்லை. அடுப்பின் திருகியை ஒரு சிறு சர்வோ மோட்டாரால் திருப்பிப் பார்த்தேன். மோட்டாரையும் திருகியையும் இணைக்க முப்பரிமாண அச்சில் எடுத்த பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் துண்டு, 60 டிகிரியிலேயே இளகும் பொருள் என்பதால், இரண்டாவது நாள் சாம்பார் கொதிக்கும்போதே வெல்லப்பாகு போல வளைந்து தொங்கியது. பிறகு அந்த ஆசையை விட்டுவிட்டேன். இப்போது அம்மா இரண்டு நிமிடத்துக்குள் வராவிட்டால் எதிர்வீட்டு அக்காவின் கைப்பேசிக்கும் என் கைப்பேசிக்கும் அழைப்பு போகிறது. அக்காவிடம் எங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது. அவர் ஊரில் இல்லாத நாளில் இந்த ஏற்பாட்டில் ஓட்டை விழும் என்பதையும் அறிவேன். ஆகவே டைமர் வால்வைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கும் அடுப்பு நம் ஊரில் எல்லோருக்கும் எட்டும் விலையில் வரும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஓராண்டுக்கு மேல் கருவி ஒழுங்காக வேலை செய்தது. சென்ற ஆயுத பூசையன்று சென்னையில் இருந்தபடி கைப்பேசியில் பார்த்தால், காலையிலிருந்து மாலைவரை பெரிய பர்னரின் சூடு 32 டிகிரியிலேயே அசையாமல் நின்றது. பூசை நாளில் அம்மா சமைக்கவே இல்லையா என்று கவலைப்பட்டு அழைத்தேன். சுண்டல், வடை, பாயசம் எல்லாம் முடிந்து பரிமாறியும் ஆகிவிட்டது என்றார். கருவியின் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். அரிவாள்மணை, மிக்சி, கிரைண்டர், தையல் இயந்திரம் ஆகியவற்றோடு என் டப்பாவுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்திருந்தார். பெரிய பர்னர் பக்கத்துப் பொட்டு நேராக சென்சாரின் மேல் விழுந்திருந்தது. “கண்ணுலயா வச்சிட்டேன்?” என்று பதறி, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி வேறு பொட்டு வைத்தார். அன்றிரவே நிரலில் நான்கு வரி சேர்த்தேன்: தாங்கிக் காலோரம் தெர்மோகப்பிள் அடுப்பு எரிகிறது என்று சொல்லி, ஐந்து நிமிடமாகியும் அகச்சிவப்பு சென்சார் கொஞ்சமும் ஏறவில்லை என்றால், “பாட்டி, என் கண்ணைத் துடைச்சு விடுங்க” என்று மகளின் குரல் கேட்கும். தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு படிவதால் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது அது கேட்கத்தான் செய்கிறது.